பல்லுக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம்

போன வாரம் இந்தப் பக்கத்தைத் தேடி ஏமாந்த வாசகர்களுக்கு என் வந்தனம். தேடாமலே நிம்மதியாக இருந்தவர்களுக்கு என் அனுதாபம். இதோ, திரும்பி வந்துவிட்டேன்.

"என்ன ஸார் ஆச்சு, கோபித்துக்கொண்டு போய்விட்டாரா?" என்று பத்திரிகை ஆபீஸுக்கு மூன்று பேர் போன் செய்து கேட்டார்களாம். ஆசிரியர் சொன்னார். அந்த மூன்றில் ஒன்று என் மாமனார் என்பது எனக்குத் தெரியும். மற்ற இரண்டு பேருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

கோபமெல்லாம் இல்லை. பல்.

ஆபீஸில் வேலை பார்க்கும் உங்களுக்குப் பல் வலித்தால் லீவு லெட்டர் இருக்கிறது. மானேஜர் கொஞ்சம் முறைப்பார். ஆனால் முதல் தேதி சம்பளம் வந்துவிடும். வெளியிலிருந்து எழுதிப் பிழைக்கும் என்னைப் போன்றவனுக்கு, கட்டுரை போகவில்லை என்றால் செல்போனில் 'டிங்' கிடையாது. பாங்கிலிருந்து வரும் அந்த 'டிங்' சத்தம்தான் என் வீட்டில் மளிகை, ஸ்கூல் ஃபீஸ், மெயின்டெனன்ஸ் எல்லாம். போன வாரம் அது ஒலிக்கவில்லை. ஒரு பல், அதுவும் ஏற்கெனவே பணம் கட்டி ரிப்பேர் செய்த பல், என் வருமானத்தில் கைவைத்துவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன்.

இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் கொஞ்ச நாளாகவே ஒரு பள்ளம். சாப்பிட்ட ஐட்டங்களில் ஆளுக்குக் கொஞ்சம் அதில் தங்கிவிடும். நான் குச்சியும் கையுமாகக் குடைந்துகொண்டே இருப்பதைப் பார்த்த என் மனைவி, "ஏங்க, அது வாயா, போர்வெல்லா? போய் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள். ஒரு சனிக்கிழமை போனேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே கண்ணாடியை விட்டுப் பார்த்து, உதவியாளரிடம் "த்ரீ ஸிக்ஸ்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வயதும் 36. பல்லைப் பார்த்து வயதைச் சொல்வது மாட்டுச் சந்தையில்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம்தான் விளக்கினார். வாயை நாலு வார்டாகப் பிரித்திருக்கிறார்களாம். மூன்றாவது வார்டு என்றால் கீழே இடது பக்கம். அதில் நடுவிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் ஆறாவது வீடு. ஆக, 36. இந்தப் பல் ஆறு வயது வாக்கில் முளைக்குமாம். அப்படியானால் என் 36 சர்வீஸில் சேர்ந்து முப்பது வருஷம் ஆகிறது. பி.காம். படித்த நான், முப்பது வருஷம் ஓடிய மிஷினுக்குத் தேய்மானம் ஒரு பைசா ஒதுக்கி வைக்காமல் இருந்திருக்கிறேன்.

ஊசி போட்டார். பல் டாக்டர் ஊசியைத் திட்டுபவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1844 டிசம்பரில் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் என்ற ஊரில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர், சிரிப்பு வாயுவை இழுத்துவிட்டுத் தன் பல்லையே சக டாக்டரை விட்டுப் பிடுங்கச் சொன்னார். வலி இருக்கிறதா என்று தன் வாயிலேயே சோதித்துப் பார்த்த மனிதர். அதற்கு முன்னால் பல் பிடுங்குவது என்றால் நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் புண்ணியவானை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பத்து நிமிஷத்தில் பாதி உதடும் பாதி நாக்கும் வேறு யாருடையதோ ஆகிவிட்டன.

குடைந்தார், கழுவினார், பசையை அடுக்கடுக்காக வைத்து நீல விளக்கைக் காட்டினார். பிறகு "மெதுவா கடிச்சுப் பாருங்க ஸார். சரியா இருக்கா? உயரமா எதுவும் இடிக்குதா?" என்று கேட்டார்.

வாசகர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். என் சகல துன்பங்களுக்கும் அஸ்திவாரம் இங்கேதான் போடப்பட்டது.

கீழ்த் தாடையில் பாதி எனக்கு இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது. கடித்தால் எது எதன்மேல் படுகிறது என்று யாருக்குத் தெரியும்? அதைச் சொல்லியிருக்கலாம். 'மரத்துப் போயிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை' என்று சொல்ல ஐந்து விநாடி போதும். ஆனால் வெளியே நாலு பேர் காத்திருக்கிறார்கள். டாக்டர் கையில் அடுத்த வேலை. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ழ்ழரியா இழுக்கு டாக்டர்."

இது என் குலவழக்கம். சலூனில் முடிவெட்டி முடித்ததும் பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்து, "போதுமா ஸார்?" என்று கேட்கிறார்களே, அதற்கு 'போதாது' என்று சொன்ன ஒரு ஆண்மகனை நான் இதுவரை சந்தித்ததில்லை. டெய்லர் அக்குள் பக்கம் ஒரு சாண் இறுக்கித் தைத்துவிட்டு, "ஃபிட்டிங் எப்படி ஸார்?" என்றால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, "பிரமாதம்!" என்போம். ஹோட்டலில் ஆறிப்போன காபியைத் திருப்பி அனுப்பாமல் மடக்கென்று குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஹோட்டலைத் திட்டுவோம். அந்தப் பரம்பரையில் வந்தவன் பல் டாக்டரிடம் மட்டும் உண்மை பேசுவானா?

1,500 ரூபாய் கட்டிவிட்டு, "ரெண்டு மூணு நாள் கூச்சம் இருக்கும், தொடர்ந்து இருந்தா வந்து காட்டுங்க" என்று டாக்டர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை இட்லி. உலகத்தில் இட்லியைவிட சாதுவான பதார்த்தம் உண்டா? பல்லே இல்லாதவர்களுக்காகக் கண்டுபிடித்ததோ என்று சந்தேகப்படும்படியான வஸ்து. இடது பக்கம் கடித்தேன். சுரீர்! காதுக்குள் யாரோ குண்டூசி வைத்துக் குத்தியது போல. தண்ணீர் குடித்தேன். அது இன்னொரு சுரீர். அதற்குப் பெயர்தான் பல் கூச்சம் என்று மனைவி சொன்னாள்.

தமிழில் இது ஒரு விசேஷம். பல்லுக்கு வந்தாலும் கூச்சம், மனுஷனுக்கு வந்தாலும் கூச்சம். என் பல் கூச்சத்தை டாக்டரிடம் போய்ச் சொல்ல எனக்குக் கூச்சம். 'சரியாக இருக்கிறது' என்று வாயால் சொன்னவன் எந்த வாயை வைத்துக்கொண்டு போவான்? (அந்த ஒரு வாய்தான் இருக்கிறது.) இன்னொரு காரணமும் உண்டு. மறைப்பானேன், போனால் 'ரூட் கெனால் பண்ணணும்' என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அதற்கும், மேலே போடும் கேப்புக்கும் சேர்த்து ஆகும் செலவை ரிசப்ஷனில் ஒட்டியிருந்த அட்டையில் பார்த்திருக்கிறேன். என் கணக்கில் அது நாலு கட்டுரை.

ஆகவே, வலியை அப்படியே சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டேன். கணக்குப் படித்தவர்களுக்குத் தெரியும். ட்ரையல் பாலன்ஸ் டாலியாகாவிட்டால் வித்தியாசத்தைத் தூக்கி அதில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். என்றாவது ஒரு நாள் ஆடிட்டர் வருவார். அதுவரை நிம்மதி.

வைத்தியம் சொல்லத்தான் ஊரில் பஞ்சமே இல்லையே! கிராம்புத் தைலம் என்றார் ஒருவர். பஞ்சில் ஒரு சொட்டு என்று அவர் சொன்னதை நான் ஒரு மூடி என்று புரிந்துகொண்டேன். பல் வலி அரை மணி மரத்தது. ஈறு மூன்று நாள் எரிந்தது. மாத்திரையை விழுங்காமல் பல்லுக்குப் பக்கத்தில் அதக்கிக்கொள்ளச் சொன்னார் இன்னொருவர். நல்லவேளையாகச் செய்யவில்லை. ஆஸ்பிரினை அப்படி வைத்தால் சதை வெந்து போகுமாம். எதிர் ஃப்ளாட் மாமா தமக்கு எப்போதோ எழுதிக் கொடுத்ததில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் பட்டையை நீட்டி, "அஞ்சு நாள் போடுங்க தம்பி, ஒரே அடி!" என்றார். வெறும் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்புளிக்கச் சொன்ன என் அக்கா மட்டும்தான் தீங்கில்லாத யோசனை சொன்னவள். அதனாலேயே அதை யாரும் மதிக்கவில்லை.

இப்படியே பதினாறு நாள். வலது பக்கமாகவே சாப்பிடப் பழகிக்கொண்டேன். காபியை ஸ்ட்ராவில் குடிக்கலாமா என்றுகூட யோசித்தேன். வீட்டில், "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டால், "பரவாயில்லை, குறைஞ்சிருக்கு" என்பேன். கேட்பவருக்கும் திருப்தி, எனக்கும் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

பதினேழாம் நாள் ராத்திரிதான் ஆடிட்டர் வந்தார்.

மறுநாள் காலைக்குள் கட்டுரை போக வேண்டும். பதினோரு மணிக்கு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வறுத்த நிலக்கடலை. எழுத்து சூடு பிடித்தபோது பழக்க தோஷத்தில் ஒன்று இடது பக்கம் போய்விட்டது. அவ்வளவுதான். முதலில் சுரீர், பிறகு விண் விண் என்று ஆரம்பித்து நின்றபாடில்லை. படுத்தால் வலி இரட்டிப்பாயிற்று. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. படுக்கும்போது தலைக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் அப்படி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது தெரிந்ததெல்லாம், என் வீட்டு ஹாலின் நீளம் பதினெட்டு தப்படி என்பதுதான்.

ஒன்றரை மணிக்கு இன்னொரு குழப்பம். வலிப்பது கீழ்ப் பல்லா, மேல் பல்லா? சத்தியமாகத் தெரியவில்லை. கையில் கொசு கடித்தால் இருட்டில்கூடக் கடித்த இடத்தைச் சரியாகச் சொறிகிறோம். சொந்த வாயில் எந்தப் பல் என்று தெரியாமல் கண்ணாடி முன்னால் டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன். மேலே, கீழே, காது, நெற்றிப் பொட்டு என்று வலி டூர் அடித்தது. வலது பக்கம் மட்டும் போகவில்லை. அந்த மட்டில் அதற்கு எல்லை தெரிந்திருந்தது.

சத்தம் கேட்டு மனைவி எழுந்து வந்தாள்.

"குறைஞ்சிருக்குன்னு சொன்னீங்க?"

"குறைஞ்சுதான் இருந்தது."

"எப்போ?"

பதில் சொல்லவில்லை. அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் இன்னொரு தலையணையைக் கொண்டுவந்து, இரண்டு தலையணை உயரத்தில் சாய்ந்து உட்கார வைத்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். கட்டுரை எட்டு வரியோடு நின்றுபோயிற்று. அந்த எட்டு வரியையும் காலையில் படித்துப் பார்த்தேன். வராமல் போனதே வாசகர்களுக்கு நல்லது.

*

மறுநாள் அதே டாக்டர், அதே நாற்காலி. நான் கோபமாகப் பேசவேண்டும் என்று ஒத்திகை பார்த்துவிட்டுப் போயிருந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே என் வசனம் மறந்துவிட்டது.

"பதினேழு நாளா ஏன் ஸார் வரலை?"

திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழித்தேன்.

அடுத்தடுத்துக் கேள்விகள். ஜில்லுன்னு பட்டா வலிக்குதா, சூடு பட்டா வலிக்குதா? வலி எத்தனை விநாடி நிக்குது? தூக்கத்திலிருந்து எழுப்புதா? நேத்து ராத்திரி தானா வந்துதா, ஏதாவது கடிச்சப்புறமா?

"கடலை" என்றேன், போலீஸ் ஸ்டேஷனில் ஒப்புதல் வாக்குமூலம் கொடுப்பவன் போல.

டாக்டர் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது. பொட்டுத் துணி அளவுக்கு ஒரு நீலக் காகிதத்தை எடுத்து பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னார். "என்ன டாக்டர் இது?" என்றேன். "கார்பன் பேப்பர் மாதிரிதான் ஸார்."

அசந்து போனேன். ஆபீஸ்களிலிருந்து கார்பன் பேப்பர் ஒழிந்தே எத்தனையோ வருஷமாகிவிட்டது. என் வாய்க்குள் அது இன்னும் உத்தியோகம் பார்க்கிறது! கடித்துவிட்டுத் திறந்ததும் கண்ணாடியில் காட்டினார். மற்ற பற்களில் லேசாக அங்கங்கே புள்ளி. என் 36-ன் மேல் மட்டும் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது போல் அடர்த்தியாக ஒரு நீலப் பொட்டு.

"மேடு ஸார். ரொம்பச் சின்ன மேடு. ஆனா நீங்க வாயை மூடற ஒவ்வொரு தடவையும் மொத்த பாரமும் அந்தப் பல் மேலதான் விழுது."

ஒரு முடியின் கனத்தைவிடக் குறைந்த மேட்டைக்கூடப் பல் கண்டுபிடித்துவிடுமாம். பல் எலும்பில் நேரடியாக ஆணி அடித்தது போல் நிற்கவில்லை. நடுவில் மெத்தை மாதிரி நார்கள் இருக்கின்றன. அவைதான் உணருகின்றன. ஒரே பல் பதினேழு நாள் இடிபட்டால் அந்த நார்கள் புண்ணாகிக் கடித்தாலே வலிக்கும்.

கொர்ர்ர் என்று இரண்டு தடவை தேய்த்தார். மறுபடி கார்பன், மறுபடி ஒரு கொர்ர். மொத்தம் ஐந்து நிமிஷம். ஊசி இல்லை, பில்லும் இல்லை. "கடிங்க." கடித்தேன். பதினேழு நாளாக என் வாயில் நின்றிருந்த வேண்டாத விருந்தாளி எழுந்து போனது போல் இருந்தது. இந்த ஐந்து நிமிஷத்துக்காகவா நான் பதினெட்டு தப்படி நடந்தேன்!

"இன்னும் முடியலை ஸார்" என்றார் டாக்டர். அதுவரை எனக்குச் சிரிப்புத்தான் வந்துகொண்டிருந்தது. அடுத்து நடந்ததில் வரவில்லை.

ஐஸ் துண்டு ஒன்றைப் பஞ்சில் சுற்றி, முதலில் நல்ல பல்லில் வைத்தார். ஜில்லென்றது, எடுத்ததும் போய்விட்டது. பிறகு 36. சுரீர்! எடுத்துவிட்டு, வலி நின்றதும் கையைத் தூக்கச் சொன்னார். வாய்விட்டு எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

என் பல்லின் ஆயுள் அந்த எண்ணிக்கையில் தொங்குகிறது என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் 'ஒண்ணு'விலேயே கையைத் தூக்கியிருப்பேன். ஆறில் தூக்கினேன்.

அப்புறம் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். மேலே எனாமல், உடம்பிலேயே கெட்டியான பொருள். அதற்கு அடியில் டென்டைன். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான குழாய்கள், அவற்றில் நீர். குளிர் பட்டால் அந்த நீர் அசைகிறது. அந்த அசைவைத்தான் உள்ளே இருக்கும் நரம்பு வலி என்று ரிப்போர்ட் செய்கிறது. 1960-களில் ஸ்வீடன் நாட்டு பிரான்ஸ்ட்ரோம் என்ற ஆராய்ச்சியாளர் விளக்கிச் சொன்ன விஷயம். ஃபில்லிங் வைக்கும்போது குடைந்ததில், காய்ந்ததில், பசை இறுகும்போது கொஞ்சம் சுருங்கியதில் நரம்பு எரிச்சலாகத்தான் இருக்கும். தொந்தரவு செய்யாமல் விட்டால் அதுவே ஆறிவிடும். பெரும்பாலும் சில நாளில், சிலருக்குச் சில வாரத்தில்.

தொந்தரவு தொடர்ந்தால்? நரம்பு வீங்கும். மற்ற இடத்தில் வீங்கினால் தோல் கொஞ்சம் இடம் கொடுக்கும். இங்கே சுற்றிலும் கெட்டிச் சுவர். தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவில் மாட்டிக்கொண்ட கதைதான். உள்ளே போன ரத்தம் வெளியே வர வழியில்லை. கடைசியில் நரம்பு செத்துப் போகும்.

"செத்துட்டா வலி போயிடுமே டாக்டர்?" என்றேன், கொஞ்சம் ஆசையாக.

"போயிடும். அதுதான் ஆபத்து. தானா சரியாயிடுச்சுன்னு நெனச்சு விட்டுடுவாங்க. கொஞ்ச நாள்லயோ கொஞ்ச மாசத்துலயோ வேர்ல சீழ் பிடிச்சு, முகம் வீங்கி வருவாங்க."

எதிர் ஃப்ளாட் மாமாவின் ஆன்டிபயாடிக்கைப் பற்றிக் கேட்டேன். நரம்பு வீக்கத்துக்கு அது உதவாது, பரவின தொற்று இருந்தால்தான் வேலை என்று சொல்லிவிட்டு, மாமாவையும் ஒரு நாள் அழைத்து வரச் சொன்னார். எந்தப் பல் என்று தெரியாமல் முழித்ததைச் சொன்னபோது சிரித்தார். பல்லின் உள் நரம்புக்கு வலிக்கத்தான் தெரியுமாம். விலாசம் சொல்லத் தெரியாதாம். அதனால்தான் ஒரே பக்கத்தில் மேலும் கீழும் அலைகிறது.

"உங்களோடது இப்ப நடுவுல நிக்குது ஸார். ஒண்ணு ரெண்டு விநாடின்னா கவலையே இல்லை. அரை நிமிஷத்துக்கு மேல நின்னா, சூடு பட்டு வலிச்சா, ஒண்ணுமே செய்யாம தானா வலிச்சு எழுப்பினா, ரூட் கெனால்தான். ஆறுங்கறது... ரெண்டு வாரம் பார்ப்போம். நடுவுல வலி கூடினா மறுநாளே வாங்க. வீங்கினாலோ ஜுரம் வந்தாலோ அன்னிக்கே வாங்க. 'சரியா இருக்கு'ன்னு மட்டும் சொல்லாதீங்க."

கடைசி வரியைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மருத்துவ நாகரிகம்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "உங்க பொண்ணுக்கு ஏழு வயசுன்னீங்களே, அவளுக்கு இந்தப் பல் இப்பதான் வந்திருக்கும். பால் பல்னு நெனச்சு நிறைய பேர் விட்டுடறாங்க. விழுந்து முளைக்கிற பல் இல்லை ஸார் இது. ஒரே சான்ஸ்."

வீட்டுக்கு வந்து மகளைப் பிடித்து வாயைத் திறக்கச் சொன்னேன். பால் பற்களுக்குப் பின்னால், வெள்ளை வெளேரென்று, ஒரு கீறல் இல்லாமல் புத்தம் புது 36. அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "போதும்ப்பா, வாய் வலிக்குது" என்றாள். பாருங்கள், ஏழு வயதில் எல்லோரும் உள்ளதைச் சொல்லத்தான் செய்கிறோம்.

*

ஞாயிற்றுக்கிழமை அப்பா திருச்சியிலிருந்து வந்தார். பல்லவனில். (சிலேடை எதுவும் இல்லை. ரயிலின் பெயரே அதுதான்.) எழும்பூரில் இறங்கி வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும், மகளுக்காக வாங்கி வைத்திருந்த ஐஸ்கிரீமை எல்லோருக்கும் கிண்ணத்தில் போட்டாள் மனைவி. அப்பாவுக்குப் போடவில்லை. அப்பாவுக்கு ஐஸ்கிரீம் பிடிக்காது. அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

நான் என் கிண்ணத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன், ஆறு விநாடிக்காரன் என்பதால். சும்மா இருந்த கண் அப்பா மேல் போயிற்று. தண்ணீர் கேட்டார். சொம்பிலிருந்து டம்ளரில் ஊற்றினார். குடிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் தலையை இடது பக்கம் லேசாகச் சாய்த்துக்கொண்டு குடித்தார்.

அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். பதினேழு நாள் நானும் அப்படித்தான் குடித்தேன், எதிர்ப் பக்கமாக.

"அப்பா, வலது பக்கம் பல் வலிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா."

தபால் ஆபீஸில் முப்பத்தெட்டு வருஷம் கவுன்ட்டரில் உட்கார்ந்தவர். சில்லறைக்குத் தகராறு செய்பவர்களையெல்லாம் அந்த ஒரே வாக்கியத்தில் சமாளித்தவர். என்னால் என்ன கறக்க முடியும்? என் மகள்தான், கரண்டியை நக்கிக்கொண்டே, "தாத்தா, உங்களுக்கும் முப்பத்தாறா?" என்று கேட்டாள்.

"நம்பரெல்லாம் தெரியாதும்மா. இந்தப் பக்கம்தான்" என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டிவிட்டார். பேத்தி கேட்டால் அரசாங்க ரகசியம்கூட வெளியே வந்துவிடும்.

திங்கட்கிழமை காலை அழைத்துக்கொண்டு போனேன்.

"எத்தனை நாளா ஐயா வலி?"

"கொஞ்ச நாளாத்தாம்மா."

"கொஞ்ச நாள்னா?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்தார். "ரெண்டு வருஷம் இருக்கும்."

ரெண்டு வருஷம் முன்னால் திருச்சியில் அடைத்த பல். அடைத்ததிலிருந்தே ஜில்லென்று எதுவும் ஆகவில்லை. போய்க் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று விட்டுவிட்டார். எனக்குப் போன் செய்து சொல்லலாமே என்றால், 'அவனே இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் செலவோட செலவா அலையறான்' என்று இருந்திருக்கிறார். ரெண்டு வருஷத்தில் எத்தனை கல்யாணம், எத்தனை பிறந்த நாள்! ஒவ்வொரு தடவையும், "அப்பாவுக்குப் பிடிக்காது" என்று கிண்ணத்தை அவரைத் தாண்டி நானே நகர்த்தியிருக்கிறேன்.

நாலாம் வார்டு, ஆறாவது வீடு. ஃபில்லிங்கின் ஓரத்தில் மெல்லிய இடைவெளி. அது வழியாகத்தான் குளிர் உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஐஸ் சோதனையில் அப்பா மூன்றில் கையைத் தூக்கினார். டாக்டர் நம்பாமல் மறுபடி எண்ணினார். மறுபடியும் மூன்றுதான். எக்ஸ்ரேயில் வேரும் சுத்தம். "நல்லவேளை, நரம்பு உயிரோட இருக்கு. பழசை எடுத்துட்டுப் புதுசா வெச்சா போதும்" என்றார். ஊசி வேண்டாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார். அரை மணியில் வேலை முடிந்தது.

"மெதுவா கடிச்சுப் பாருங்க ஐயா. சரியா இருக்கா?"

அப்பா கடித்தார். வாய் தானாக "சரியா..." என்று ஆரம்பித்துவிட்டது. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நான் தொண்டையைச் செருமினேன். அவர் நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை கடித்தார். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு, பழைய காலத்தில் ரிஜிஸ்டர் தபாலின் முத்திரையைத் தடவிப் பார்ப்பாரே, அப்படி நிதானமாக.

"துளிப்போல இடிக்குதும்மா" என்றார்.

டாக்டர் நீலக் காகிதத்தை எடுத்தார்.

என் விஷயம் இன்னும் சஸ்பென்ஸ் அக்கவுண்டில்தான் இருக்கிறது. கார்பன் பேப்பர் வைபவம் நடந்து இன்றோடு ஒன்பது நாள். ராத்திரி தூங்குகிறேன். இட்லியை இடது பக்கமே கடிக்கிறேன். தினம் காலையில் குளிர்ந்த தண்ணீர் ஒரு வாய் வைத்து மகள் எண்ணுகிறாள். நேற்று மூன்று, இன்று இரண்டு. அவள் கொஞ்சம் வேகமாக எண்ணுகிறாளோ என்று ஒரு சந்தேகம். அடுத்த வாரம் டாக்டரே எண்ணட்டும்.

அன்று கிளினிக்கிலிருந்து மாடிப்படி இறங்கும்போது அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாலு படி இறங்கினார், நின்றார்.

"ஏண்டா, இந்த பிஸ்தா ஐஸ்கிரீம் இப்ப என்ன விலை?"